நாலு கார்டும் ஒரு கேசட்டும்

கல்லூரி விடுதியில் எங்கள் மாடிக்கே ஒரே ஒரு கிடார்தான், அதிலும் ஒரு கம்பி அறுந்து ஐந்துதான் மிச்சம். அதை வைத்திருந்த சீனியர் யார் போய்க் கேட்டாலும் முதலில் சொல்லித் தருவது 'ஸோம்பி' பாட்டைத்தான். ஈ மைனர், சி, ஜி, டி, இந்த நாலு கார்டையும் (சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவதுதான் கார்டு) சுற்றிச் சுற்றி வந்தால் பாட்டு முடிந்துவிடும், வேறு எதுவும் தெரிய வேண்டியதில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு பத்துப் பேர் சேர்ந்து தொண்டை கிழியக் கத்துவோம். ஏதோ பேய்ப்படத்துக்குப் போட்ட பாட்டு என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பாடியவர் பெயரைக்கூட யாரும் கேட்டதில்லை.

அப்புறம் சில வருஷம் கழித்து, சொந்தமாக ஒரு கிடார் வாங்கி, அதே நாலு கார்டில் நானே ஒரு மெட்டுப் போடலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. பல்லவிக்கு ஏதோ ஒன்று வந்தாலும், சரணத்துக்குப் போனால் கீழே கார்டு மாறாததால் அதே மெட்டுதான் திரும்ப வந்தது. அன்றைக்குத்தான் 'ஸோம்பி'யை எழுதிப் பாடிய டோலோரஸ் ஓ ரியோர்டன் என்ற பெயரைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கிரான்பெர்ரீஸ் இசைக்குழுவின் பாடகி என்றால் எல்லோரும் அந்தக் குரலைப் பற்றித்தான் பேசுவார்கள். பேச வேண்டிய குரல்தான். ஆனால் அந்தக் குரலே பெரிதாக நின்று, அவர் எவ்வளவு கெட்டிக்கார பாட்டாசிரியர் என்பதை மறைத்துவிட்டது என்று எனக்கு ஒரு குறை உண்டு.

1971 செப்டம்பர் 6 அன்று அயர்லாந்தில் லிமெரிக் நகரத்துக்குப் பக்கத்தில் பாலிபிரிக்கன் என்ற கிராமத்தில் பிறந்தவர். வீட்டுக்குக் கடைக்குட்டி. அப்பா பண்ணைத் தொழிலாளி, மகள் பிறப்பதற்கு முன்பே மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் ஆனவர். பள்ளிக்கூடத்தில் சாப்பாடு பரிமாறும் வேலைக்குப் போய் அம்மாதான் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். சிறுமி சர்ச்சில் ஆர்கன் வாசித்தாள், பாடல் குழுவில் பாடினாள், வீட்டில் அப்பா பழைய கௌபாய் பாட்டுகளை யோடெல் செய்து பாடுவதைக் கேட்டு வளர்ந்தாள். யோடெல் என்றால் குரலை நெஞ்சிலிருந்து சட்டென்று ஒடித்து உச்சிக்கு எறிவது. பின்னாளில் உலகம் முழுக்கப் பேர் வாங்கிய அந்தக் குரல் உடைப்பு அப்பாவிடமிருந்து வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இதோடு அயர்லாந்தின் சாவு வீட்டு ஒப்பாரிச் சாயலும் அதில் இருக்கிறது. ஒப்பாரி கேட்டு வளர்ந்த நம் காதுக்கு அது கொஞ்சம் சீக்கிரமே பிடிபட்டுவிடும்.

1990-ல் லிமெரிக்கில் நோயல் ஹோகன், மைக் ஹோகன் என்ற அண்ணன் தம்பியும் டிரம்ஸ் வாசிக்கும் ஃபெர்கல் லாலரும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். பெயர் 'கிரான்பெரி சா அஸ்', சேர்த்துச் சொன்னால் கிரான்பெரி சாஸ். (விடலைப் பையன்கள் வைக்கிற பெயர்தான், விடுங்கள்.) பாடிக்கொண்டிருந்தவர் போய்விட, ஆள் தேடினார்கள். பதினெட்டு வயது டோலோரஸ் கையிடுக்கில் ஒரு கீபோர்டை வைத்துக்கொண்டு வந்து பாடிக் காட்டினார். போகும்போது நோயல் ஒரு கேசட்டைக் கொடுத்து அனுப்பினார், அதில் வெறும் கிடார் கார்டுகள், வார்த்தை கிடையாது. கொஞ்ச நாளில் அந்தப் பெண் மெட்டும் வரிகளுமாகத் திரும்பி வந்தார். அதுதான் 'லிங்கர்'.

விஷயம் சாதாரணம். பதினேழு வயதில் முதல் முத்தம் கொடுத்த பையன், ராணுவத்தில் இருந்தவன், அடுத்த முறை ஒரு டிஸ்கோவில் இவரைக் கண்டுகொள்ளாமல் தோழியோடு போய் ஆடினான். அவ்வளவுதான். ஆனால் பாட்டைக் கிடாரில் வாசித்துப் பாருங்கள்: டி, ஏ, சி, ஜி. தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் இதே நாலுதான், பல்லவிக்கும் இதே, சரணத்துக்கும் இதே. கீழே தரை அசையவே இல்லை. சரணத்தில் அவர் பேச்சுக் குரலில் தாழ்வாக, குற்றம் சொல்வதா கெஞ்சுவதா என்று தெரியாமல் முணுமுணுத்துக்கொண்டு நடக்கிறார், பல்லவி வந்ததும் அதே கார்டுகள் மேல் ஒவ்வொரு சொல்லையும் நீட்டி மேலே ஏறுகிறார், கேட்பவனுக்கு ஊரே மாறிவிட்ட மாதிரி இருக்கிறது. எனக்கு வராமல் போனது இதுதான். பதினெட்டு வயதில், யாரோ கொடுத்த கேசட்டில், இதைச் செய்திருக்கிறார்.

முதலில் மேடையில் கூச்சம் தாங்காமல் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடியவர் இவர். 1993-ல் முதல் ஆல்பம் வந்தபோது பிரிட்டனில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்வேட் என்ற பிரிட்டிஷ் குழுவுக்குத் துணையாக அமெரிக்கா போனார்கள். அங்கே எம்டிவி 'லிங்கர்' வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட, அமெரிக்கப் பட்டியலில் பாட்டு எட்டாவது இடத்துக்குப் போனது. அதற்குப் பிறகுதான் பிரிட்டனுக்குக் காது கேட்டது, 1994-ல் அதே ஆல்பம் அங்கே முதலிடம்.

சரி, 'ஸோம்பி'க்கு வருகிறேன். 1993 மார்ச் 20, சனிக்கிழமை. மறுநாள் பிரிட்டனில் அன்னையர் தினம். வடக்கு இங்கிலாந்தில் வாரிங்டன் ஊரின் கடைத்தெருவில் இரும்புக் குப்பைத்தொட்டிகளுக்குள், வடக்கு அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐஆர்ஏ வைத்த குண்டுகள் வெடித்தன. ஜோனதன் பால் என்ற மூன்று வயதுக் குழந்தை அந்த இடத்திலேயே இறந்தது, அன்னையர் தின வாழ்த்து அட்டை வாங்கத்தான் அதைக் கூட்டி வந்திருந்தார்கள். பன்னிரண்டு வயது டிம் பாரி ஐந்து நாள் கழித்து இறந்தான். குழு அப்போது பிரிட்டனில் சுற்றுப்பயணத்தில் இருந்தது. லிமெரிக் திரும்பிய டோலோரஸ் தன் குடியிருப்பில் தனியாக உட்கார்ந்து சாதாரண கிடாரில் இந்தப் பாட்டை எழுதினார். குழுவின் பல பாட்டுகளில் நோயல் பெயரும் சேர்ந்திருக்கும், இதில் டோலோரஸ் பெயர் மட்டும்தான். ஒத்திகையில் கிடாரை எலெக்ட்ரிக்காக்கி, டிரம்ஸை இன்னும் பலமாக அடிக்கச் சொன்னதும் அவர்தான். மென்மையான காதல் பாட்டுக் குழு என்று பெயர் எடுத்தவர்களிடமிருந்து இப்படி ஒன்று வருமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இது நானில்லை, என் குடும்பமில்லை என்று ஒரு வரி வருகிறது. அந்தக் கோபத்தின் மையம் அதுதான். ஐரிஷ் மக்கள் எல்லோர் பெயராலும் இதைச் செய்கிறோம் என்று சொன்னவர்களுக்கு ஒரு ஐரிஷ் பெண் கொடுத்த பதில். எல்லோரும் கைதட்டிவிடவில்லை. சுதந்திர நாடான தெற்கு அயர்லாந்தில் பத்திரமாக இருந்துகொண்டு, பிரிட்டனின் கீழிருக்கும் வடக்கைப் பற்றி உபதேசம் செய்கிறாள் என்றார்கள், பிரிட்டிஷ் ராணுவம் கொன்ற குழந்தைகளுக்கு ஏன் பாட்டில்லை என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியிலிருந்து கணக்கெடுத்துக்கொண்டு மொத்த வரலாற்றையும் 'ஸோம்பி', அதாவது நடமாடும் பிணம், என்று ஒரு சொல்லில் அடக்குவது பெரிய எளிமைப்படுத்தல். ஆனால் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற குழந்தையைப் பற்றிய பாட்டில் அந்த நிதானத்தை எதிர்பார்க்கலாமா என்று எனக்கு இன்னும் தீரவில்லை. 1994 ஆகஸ்ட் 31 அன்று ஐஆர்ஏ போர்நிறுத்தம் அறிவித்தது, மூன்று வாரம் ஆவதற்குள் பாட்டு வெளியானது. 2023 ரக்பி உலகக் கோப்பையில் அயர்லாந்து ரசிகர்கள் மைதானத்தில் இதைப் பாடியபோது அதே சண்டை மறுபடி தொடங்கியது.

'ஸோம்பி' இருந்த இரண்டாவது ஆல்பம் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 70 லட்சம் பிரதிகள் விற்றது. (அட்டையில் இருக்கும் சோபாவும் முதல் ஆல்பத்தில் இருந்த அதே சோபாதான், பார்த்திருக்கிறீர்களா?) மூன்றாவது ஆல்பம் 1996-ல் வந்தது. போஸ்னியா, ஜான் லென்னன் கொலை என்று செய்தித்தாளைப் பார்த்து எழுதிய மாதிரி பாட்டுகள், என்னால் இப்போதும் முழுதாகக் கேட்க முடியவில்லை. அந்த வருஷமே உடம்பு முடியாமல் சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்தினார். எடை குறைந்துகொண்டே போனது. சிறுவயதில் எட்டு வயதிலிருந்து நாலு வருஷம் தெரிந்த ஒருவரால் பாலியல் கொடுமைக்கு ஆளானதை 2013-ல்தான் வெளியே சொன்னார். பைபோலார் என்ற மனநிலைக் கோளாறு இருப்பதையும் பிறகு மறைக்காமல் சொன்னார். நடுவில் குழு கலைந்தது, இரண்டு தனி ஆல்பம் போட்டார், 2009-ல் திரும்பச் சேர்ந்தார்கள்.

2018 ஜனவரி 15 அன்று லண்டன் ஓட்டல் அறையில், மது போதையில் குளியல்தொட்டியில் மூழ்கி இறந்தார். வயது 46. விபத்து என்று விசாரணை முடிவு சொன்ன நாள் செப்டம்பர் 6, அவருடைய பிறந்தநாள்.

அதற்கு முந்தைய வருஷம் அவரும் நோயலும் புது ஆல்பத்துக்கு வேலை தொடங்கியிருந்தார்கள். 1990-ல் செய்த அதே முறைதான்: நோயல் கார்டுகளைப் பதிவு செய்து அனுப்புவார், டோலோரஸ் மெட்டும் வரிகளும் சேர்த்துத் திருப்பி அனுப்புவார், கேசட்டுக்குப் பதிலாக இப்போது ஈமெயில். நல்ல ஸ்டுடியோவில் பிறகு முறையாகப் பாடிக்கொள்ளலாம் என்று மாதிரிக்குப் பாடி வைத்த அந்தப் பதிவுகளை, குடும்பத்தின் சம்மதத்தோடு, முதல் ஆல்பத்தைத் தயாரித்த ஸ்டீஃபன் ஸ்ட்ரீட்டையே கூப்பிட்டு மற்ற மூவரும் முடித்தார்கள். 2019 ஏப்ரலில் வெளியிட்டார்கள், அத்தோடு கிரான்பெர்ரீஸ் என்ற பெயரில் புதுப் பாட்டு போடுவதில்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால் ஒன்று தெரியும். பழைய பாட்டுகளில் பின்னால் அடுக்கடுக்காக வரும் குரல்களையும் அவரேதான் பாடுவார். இதில் அந்த அடுக்கைப் பாட ஜோஹானா கிரானிட்ச் என்ற பாடகியை அழைக்க வேண்டியிருந்தது. குரல் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. கடைசிப் பாட்டில் மட்டும், பல்லவி முடிகிற இடத்தில், எது யாருடையது என்று எனக்குப் பிரித்துக் கேட்க முடிகிறது.