பத்மினி ஏன் நிற்கிறது? மே மாத நாட்குறிப்பு

2025 மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று தொடங்கியது. என் பழைய பியட் காரான பிரீமியர் பத்மினியும் இன்று மறுபடி நின்றது. புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகிற வழியில், நார்த்தாமலை விலக்கைத் தாண்டி, கீரனூருக்குக் கொஞ்சம் முன்னால்.

நிற்கிற விதம் எப்போதும் ஒன்றுதான். காலையில் செல்ஃப் தொட்டதும் ஸ்டார்ட் ஆகும். ஊருக்குள் எவ்வளவு சுற்றினாலும் தொந்தரவு இல்லை. ஹைவேயில் அறுபது, அறுபத்தைந்தில் கொஞ்ச நேரம் ஓடியதும் பிக்கப் குறையும். ஆக்சிலேட்டரை மிதித்தால் இழுக்காமல் குலுங்கும், அப்படியே அடங்கிவிடும். புளியமர நிழலில் பானட்டைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தால் எதுவுமே நடக்காததுபோல் கிளம்பும்.

நின்று விசாரித்தவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: வேப்பர் லாக், பெட்ரோல் பம்ப்பில் ஈரத்துணியைச் சுற்று. நியாயமான சந்தேகம்தான். இந்த வண்டியில் பம்ப் இன்ஜினோடு ஒட்டியே இருக்கிறது. சூட்டில் பைப்புக்குள் பெட்ரோல் ஆவியானால் பம்ப்பால் ஆவியை இழுக்க முடியாது. ஆனால் தை மாதக் காலையிலும் ஒருமுறை இதே மாதிரி நின்றிருக்கிறது. வெயிலை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

மே 5, திங்கள்

டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஏற்கனவே பிளக், பொறிக்கு மின்சாரத்தைக் கூட்டித் தருகிற காயில், பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற கார்பரேட்டரின் கிட் மூன்றையும் மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் "இதுவாத்தான் இருக்கும்" என்றார்கள். நின்றுபோன வண்டியை யாரும் பார்க்கவில்லை. ஆறி, ஒழுங்காக ஓடுகிற வண்டியைத்தான் பார்த்தார்கள்.

இன்று திருக்கோகர்ணத்தில் பழைய பியட் மெக்கானிக் ஒருவரைப் பார்த்தேன். வயது எழுபதை நெருங்குகிறது, இப்போது தெரிந்தவர்களுக்கு மட்டும் வேலை செய்கிறார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, நிக்கிற நேரத்துலதான் நாடி பிடிக்கணும். ஆறின வண்டிய கொண்டாந்து நிறுத்துனா நான் என்னத்தப் பாக்குறது?" என்றார்.

அவர் கணக்கு எளிமையானது. வண்டி நின்ற அந்த இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். கரண்ட் வருகிறதா? பெட்ரோல் வருகிறதா? இருமி இருமி அடங்கினால் பெரும்பாலும் பெட்ரோல். சாவியைத் திருப்பியதுபோல் பட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட்.

இதற்காகத்தான் எனக்கு இந்த வண்டியைப் பிடிக்கிறது. 1089 சி.சி., நாலு சிலிண்டர், ஸ்டியரிங்கிலேயே கியர். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. நடப்பதையெல்லாம் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். 2023 அக்டோபரில் மும்பைத் தெருக்களிலிருந்து பத்மினி டாக்சிகள் விடைபெற்ற செய்தியைப் படித்த அன்றே, என்னிடம் இருக்கிறவரை இதை ஓட வைப்பது என்று முடிவெடுத்தேன்.

மே 7, புதன்

மெக்கானிக் அண்ணன் கூடவே வந்தார். மடியில் ஒரு துணிப்பை: பழைய பிளக் ஒன்று, டெஸ்ட் பல்ப், ஸ்பேனர், தண்ணீர் பாட்டில். கீரனூர் போவதற்குள் வண்டி நின்றது.

"டேங்க் மூடியத் திற, சத்தம் வருதான்னு பாரு" என்றார். மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் வராது; திறக்கும்போது புஸ்ஸென்று காற்றை இழுக்கும். சத்தம் இல்லை. அதற்குள் அவர் ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, கையில் இருந்த பிளக்கில் மாட்டி, இன்ஜின் மேல் படும்படி வைத்தார். செல்ஃப் அடித்தேன். நல்ல நீலநிறப் பொறி. கரண்ட் சரி.

அப்புறம் ஏர் கிளீனரைக் கழற்றி கார்பரேட்டர் வாய்க்குள் பார்க்கச் சொன்னார். ஆக்சிலேட்டர் லிவரைக் கையால் இழுத்தால் உள்ளே நூல் மாதிரி மெல்லிதாகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். இழுத்தேன், ஒன்றும் வரவில்லை. கார்பரேட்டர் காலி.

பம்ப் மேலும் பைப் மேலும் தண்ணீரை ஊற்றினோம். வேப்பர் லாக் என்றால் பம்ப் குளிர்ந்ததும் சீக்கிரம் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. வழக்கம்போல அரை மணி நேரம் கழித்துத்தான் கிளம்பியது. அண்ணன் முகத்தில் ஒரு திருப்தி. "பெட்ரோல் பக்கம்தான். ஆனா சூடு இல்ல" என்றார்.

மே 9, வெள்ளி

பட்டறை வாசலில், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு வேலையைத் தொடங்கினோம். பெட்ரோலைத் திறந்து வைத்துச் செய்கிற வேலை. காயில் ஒயரைக் கழற்றி வைத்தோம், பக்கத்தில் பீடிக்குக்கூட அனுமதி இல்லை.

கார்பரேட்டருக்குப் போகிற பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடித்தோம். பெட்ரோல் வந்தது, ஆனால் சோம்பலாக, குமிழி குமிழியாக. அடுத்து, பம்ப்புக்குள் வருகிற பைப்பைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் கேனிலிருந்து நேராக ஒரு டியூப் கொடுத்தோம். இப்போது ஒவ்வொரு துடிப்புக்கும் சர் சர்ரென்று முழு வேகத்தில் அடித்தது, குமிழியே இல்லை. பம்ப்பில் குறை இல்லை. குறை பம்ப்புக்கும் டேங்குக்கும் நடுவில்.

பின்னால் டேங்கிலிருந்து இரும்பு லைனுக்கு இணைக்கிற ரப்பர் ஓஸ் வெளியே பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. அண்ணன் அதை விரலால் மடக்கினார். மடிப்பில் முழுக்க மயிரிழை வெடிப்புகள். பிளேடால் நீளவாக்கில் கீறித் திறந்தார். உள்சுவர் ஊறிக் கொழகொழத்து, தொட்ட விரலில் கறுப்பாக ஒட்டியது.

பெட்ரோல் ஒரு சொட்டுகூட வெளியே ஒழுகாததால்தான் யாருக்கும் இதன்மேல் சந்தேகம் வரவில்லை. இது பம்ப் உறிஞ்சுகிற பக்கம். வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். அதோடு, இளகிய உள்சுவர் உறிஞ்சலுக்குத் தானே ஒட்டிக்கொள்ளும். ஊருக்குள் இன்ஜினுக்குத் தேவை குறைவு, வருகிற கொஞ்சம் போதும். ஹைவேயில் தேவை கூடும், வரத்து போதாது, கார்பரேட்டர் மெல்ல மெல்லக் காலியாகும். வண்டி நின்று உறிஞ்சல் போனதும் ரப்பர் பழைய நிலைக்கு வரும். அரை மணி நேர ரகசியம் அதுதான்.

என் வண்டி 1994 மாடல். அந்தக் காலத்து ரப்பர் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டது இல்லை. 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. இன்று பெரும்பாலான பங்க்குகளில் கிடைப்பது அதுதான். எத்தனால் பழைய ரப்பரை ஊற வைக்கும், இளக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஓஸ் முழுவதையும் ஒருமுறை மடக்கிப் பாருங்கள். மாற்றும்போது கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு ரப்பர் டியூபை வாங்காமல், எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற பெட்ரோல் ஓஸ் தரக் குறியீடு அச்சடித்த ஓஸாகப் பார்த்து வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் தீப்பிடிக்கிற விஷயத்தில் விலை பார்க்கக்கூடாது.

மே 10, சனி

டேங்க் முதல் கார்பரேட்டர் வரை ஓஸ் எல்லாம் புதிது. கிளிப் புதிது. பம்ப்புக்கு முன்னால் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு ஃபில்டர்.

மே 14, புதன்

திருச்சி வரை சுத்தமாக ஓடியது. ஃபில்டரில் ஒரு குமிழி இல்லை.

திரும்பும்போது, காந்தி மார்க்கெட் நெரிசலில், பட்டென்று நின்றது. குலுக்கல் இல்லை, இருமல் இல்லை. கொஞ்ச நேரத்தில் தானே பிடித்தது, பால்பண்ணை அருகே மறுபடி நின்றது. லிவரை இழுத்தேன், கார்பரேட்டரில் பெட்ரோல் நன்றாகப் பீய்ச்சியது. பிளக்கை வைத்துப் பார்த்தேன்: மஞ்சளாக, சோகையாக ஒரு பொறி, சில சமயம் அதுவும் இல்லை.

இது வேறு வியாதி. முதல் குறைக்குப் பின்னால் இதுவும் மறைந்திருந்திருக்கிறது.

மே 16, வெள்ளி

பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டெல்கோவின் மூடியைத் திறந்ததுமே, உள்ளே கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கிற சுவிட்சான பாயிண்ட் முகம் கருகி, ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடுமாக இருந்தது தெரிந்தது. "கண்டன்சர்" என்றார் அண்ணன் உடனே. பாயிண்ட் திறக்கிற கணத்தில் தீப்பொறி தாவாமல் அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்வது கண்டன்சரின் வேலை. அது கெட்டால் பொறி பிளக்கில் விழாமல் பாயிண்டிலேயே விழும்.

ஆனாலும் சொன்னதோடு விடவில்லை, சோதித்துக் காட்டினார். கழற்றிய கண்டன்சரை மீட்டரில் வைத்தால் 0.2 மைக்ரோஃபாரட் அளவில் நின்றது. குறையே சொல்ல முடியாது. அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ஒயரை வெளியே நீட்டி, டம்ளர் வெந்நீரில் இறக்கினார். சில நிமிடங்களில் மீட்டர் எண் தள்ளாட ஆரம்பித்தது. ஒயரை லேசாக அசைத்தால் பூஜ்ஜியத்துக்கே போனது. ஆறியதும் மறுபடி 0.2. வெந்நீர் டம்ளரில் இவ்வளவு தெளிவாகத் தெரிகிற குறைக்குத்தான் முன்பு புதுக் காயில் வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

புதுக் கண்டன்சர், புதுப் பாயிண்ட். இடைவெளியை ஃபீலர் கேஜால் 0.45 மில்லிமீட்டருக்கு வைத்தார். பாயிண்டைத் தொட்டால் பொறி விழுகிற நேரமான டைமிங்கும் மாறும், அதனால் டெஸ்ட் பல்பை வைத்து அதையும் சரிபார்த்தார். மாற்று கண்டன்சர் ஒன்று இப்போது டேஷ்போர்டில் இருக்கிறது.

மே 20, செவ்வாய்

நண்பகல் வெயிலில் வேண்டுமென்றே கிளம்பினேன். கீரனூர், மாத்தூர், விமான நிலையம், அங்கிருந்து நேரே காந்தி மார்க்கெட். நெரிசலில் இன்ஜினை அணைக்காமல் நின்றேன். எங்கும் நிற்கவில்லை. வீடு திரும்பியதும் அண்ணனுக்குப் போன் செய்தேன். "ஃபில்டர்ல குமிழி?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பாயிண்ட்?" திறந்து பார்த்தேன், முகம் சுத்தமாக இருக்கிறது என்றேன். "அப்ப சரி. அடுத்த வாரம் பிரேக் ஓஸையும் கழட்டிப் பாத்துருவோம், அதுவும் அதே வயசுதான்" என்றார்.