ஜிப்சிக்குப் பூட்டுப் போட்ட கதை

கேன்வாஸ் ஹூட் போட்ட மாருதி ஜிப்சி ஜீப்பில் கதவைப் பூட்டுவது ஒரு மரியாதைக்குத்தான். ஜன்னல் என்ற பெயரில் இருப்பது துணியில் தைத்த பிளாஸ்டிக் ஷீட். பிளேடு கூட வேண்டாம், பின்பக்கப் பட்டியை அவிழ்த்தால் ஆளே உள்ளே ஏறி உட்காரலாம். என் வண்டி எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும்) இன்ஜின் வைத்த ஜிப்சி கிங். சாவி வெறும் இரும்புச் சாவி, அதில் சிப் எதுவும் கிடையாது. இப்போது வரும் தார், ஜிம்னி போன்றவற்றில் சாவியில் இருக்கும் சிப்பை இன்ஜின் கம்ப்யூட்டர் அடையாளம் கண்டால்தான் வண்டி கிளம்பும். நம்முடையதில் இக்னிஷன் பூட்டை ஸ்குரூடிரைவரால் நெம்பிவிட்டால் கதை முடிந்தது.

1985 கடைசியில் வந்த ஜிப்சியின் தயாரிப்பு 2019-ல் நின்றது. நின்ற பிறகு அதற்கு மவுசு கூடிவிட்டது. முழு வண்டியாக விற்க முடியாவிட்டாலும் ஆக்சில், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) என்று பிரித்துப் போட்டால் வாங்க ஆள் இருக்கிறது. எங்கள் கோவை நண்பர் ஒருவரின் வண்டியில் இக்னிஷனை உடைத்துப் பார்த்திருந்தார்கள். பேட்டரி இறங்கிக் கிடந்ததால் வண்டி தப்பியது. அதைக் கேட்ட வாரமே என் வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

ஆரம்பிக்கும்போதே ஒன்றை முடிவு செய்துகொண்டேன். இந்த வண்டி வால்பாறை எஸ்டேட் ரோட்டிலும் நெல்லியாம்பதி ஜீப் பாதையிலும் போகிற வண்டி. ஓடையில் இறங்கும், சேற்றில் குளிக்கும், நாள் முழுக்கக் குலுங்கும். திருடனை நிறுத்துகிற எந்தப் பொருளும் ஒருநாள் என்னையும் நிறுத்தலாம். அதனால் ஒவ்வொன்றையும் போடுவதற்கு முன் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இது காட்டுக்குள் மக்கர் பண்ணினால், கையில் இருக்கிற சாமானை வைத்து நானே சரிசெய்துகொண்டு வெளியே வர முடியுமா?

முதல் செலவு இக்னிஷன் பூட்டு. பழைய வண்டியாக வாங்கியது. முந்தைய ஓனர்கள் கையில் எத்தனை சாவி சுற்றுகிறது என்று யாருக்குத் தெரியும்? பூட்டும் தேய்ந்து போயிருந்தது, சாவியைப் பாதி வெளியே இழுத்தாலும் திரும்பியது. புதுப் பூட்டு மாற்றி, இரண்டு சாவியையும் பில்லையும் பத்திரப்படுத்தினேன். இதில் இன்னொரு காரணமும் உண்டு. வண்டி திருடுபோய் கிளெய்ம் போட்டால் இன்சூரன்ஸ்காரர்கள் இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் அங்கேயே இழுபறி தொடங்கிவிடும்.

அடுத்து ஃபியூயல் பம்ப் கட்-ஆஃப். இதில்தான் நிறைய யோசித்தேன். பலர் ஸ்டார்ட்டர் ஒயரில் சுவிட்ச் போடுகிறார்கள். பெட்ரோல் ஜிப்சியை இரண்டு பேர் தள்ளினால் ஸ்டார்ட் ஆகிவிடும்; அந்தச் சுவிட்சால் என்ன லாபம்? எம்பிஎஃப்ஐ வண்டியில் டேங்குக்குள் மின்சாரப் பம்ப் இருக்கிறது. அதற்குப் போகும் ஒயரை வெட்டி நடுவில் ரிலே (மறைவான ஒரு சின்னச் சுவிட்சால் இயங்கும் மின் சுவிட்ச்) வைத்து, அதை அணைத்துவிட்டால், லைனில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் இன்ஜின் கொஞ்சம் உறுமிவிட்டு அணைந்துவிடும். அப்புறம் எவ்வளவு தள்ளினாலும் உயிர் வராது. வண்டியில் ஏதோ ரிப்பேர் என்று நினைத்து விட்டுவிட்டுப் போக வாய்ப்பு அதிகம்.

முதலில் போன கடையில் பழக்கப்பட்ட முறையில் செய்யத் தொடங்கினார்கள்: ஒயரைச் சீவி, முறுக்கி, மேலே கறுப்பு டேப். சிட்டியில் ஓடுகிற காருக்கு அது போதும் என்பார்கள், அங்கும் போதாது என்பது என் கட்சி. குலுங்கும் வண்டியில் டேப் பிசின் இளகி, முறுக்கு தளர்ந்து, ஒருநாள் கொண்டை ஊசி வளைவில் பம்ப் நின்றால்? வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லி, தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் ஒயர் முனையில் நசுக்கிப் பொருத்தும் கிரிம்ப் லக் அடித்து, சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றி, தனி ஃபியூஸும் போட்டுக் கொடுத்தார். ரிலேயை நேராக ஒயரில் தொங்கவிடாமல், கழற்றி மாட்டுகிற சாக்கெட்டில் வைத்தார். சீட்டுக்கு அடியில் வைத்தால் ஓடையில் இறங்கும்போது தண்ணீர் ஏறும் என்பதால் உயரமான இடத்தில்.

“தம்பி, இது மக்கர் பண்ணினா என்ன செய்வீங்க?” என்று அவரே கேட்டு, வழியும் சொன்னார். ரிலேயைப் பிடுங்கிவிட்டு, சாக்கெட்டில் 30, 87 என்று எழுதியிருக்கும் இரண்டு ஓட்டைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் பம்புக்கு நேரடியாகக் கரண்ட் போய்விடும். அந்தத் துண்டு ஒயரை இரண்டு முனையிலும் லக் அடித்து அவரே தந்தார். டூல் பையில் கிடக்கிறது. ரிலேயை இயக்கும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று இங்கே எழுதப்போவதில்லை. வீட்டில் மனைவிக்குத் தெரியும், அந்த அண்ணனுக்குத் தெரியும். சர்வீசுக்கு விடும்போது பம்ப் ஓடும்படி சுவிட்சை ஆன் செய்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சாவியை மட்டும் கொடுத்துவிடுகிறேன்.

டீசல் ஜீப் வைத்திருக்கும் நண்பர்கள் இதையே செய்யலாமா என்று கேட்டார்கள். மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசல் இன்ஜின், ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் கரண்ட்டே கேட்காது. அதற்கு டீசல் லைனில் கையால் மூடும் வால்வு ஒன்று போடுவதுதான் வழி. கார்புரேட்டர் ஜிப்சி என்றால் இக்னிஷன் காயிலுக்குப் போகும் ஒயரில் ரிலே வைக்கலாம்.

மூன்றாவது கியர் லாக். ஸ்டியரிங்கில் மாட்டும் கம்பியை நான் வாங்கவில்லை. கம்பி என்னதான் உறுதியாக இருந்தாலும் அது பிடித்திருப்பது மெல்லிய ஸ்டியரிங் வளையத்தை. வளையத்தை ஆக்சா பிளேடால் அறுத்துவிட்டால் கம்பி தானாகக் கழன்றுவரும். கியர் லாக் கடையில் காருக்கென்று விற்பதைக் காட்டினார்கள். ரிவர்ஸ் கியரில் போட்டுப் பூட்டு, வண்டி நகராது என்றார்கள். காருக்குச் சரி. ஜிப்சியில் கியர் ராடுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ராடு இருக்கிறதே, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு? அதை நியூட்ரலில் தள்ளிவிட்டால் கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்துவிடும். கியரைப் பூட்டி வைத்திருந்தாலும் வண்டி ஜாலியாக உருளும், கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகலாம். கடைக்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை, தரைவிரிப்பை நகர்த்தி உருட்டியே காட்டினேன். “நீங்க லேத்துக்குத்தான் போகணும்” என்றார். நியாயமான பதில்.

கோவையில் லேத்துக்கா பஞ்சம்? கணபதியில் ஒரு பட்டறையில் சொன்னேன். ஆறு மில்லிமீட்டர் எம்.எஸ். இரும்புப் பிளேட்டில் ஒரு பிராக்கெட், இரண்டு ராடையும் சேர்த்து வளைத்துப் பிடிக்கும் ஒரு கொக்கி, கடினப்படுத்திய இரும்பு முளை ஒன்று, அதில் பூட்டு. கேட்க எளிது. அளவெடுக்கும்போதுதான் சிக்கல் தெரிந்தது. கியர் ராடு கியர்பாக்ஸிலிருந்து வருகிறது. கியர்பாக்ஸ் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. பிராக்கெட்டோ பாடியில் போல்ட் ஆகிறது. லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் நிலை) பாறை ஏறும்போது இன்ஜின் முறுக்கிக்கொண்டு ஆடும், கூடவே ராடும் ஆடும். பிராக்கெட்டை ஒட்டி வைத்தால் ராடு இடித்து கியர் நழுவிவிடும். பட்டறைக்காரர் வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, கிளட்சை விட்டு விட்டுப் பிடிக்கச் சொல்லி, ராடு எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு வெளியே இரண்டு விரல் இடம் விட்டு பிளேட்டை வெட்டினார். போல்ட்டுகளைக் கீழிருந்து கழற்ற முடியாதபடி நட்டுகளில் ஒரு பொட்டு வெல்டிங் வைத்தார்.

இப்போது இரவு நிறுத்தும்போது ரிவர்ஸ் கியர், டிரான்ஸ்ஃபர் 4எல் (நாலு சக்கரமும் லோ ரேஞ்சில்), பூட்டு. முன்சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் ஹப்புகள் கையால் திருப்பிப் பூட்டுகிற வகை, அதையும் லாக்கில் போட்டுவிட்டால் நான்கு சக்கரமும் இன்ஜினின் பிடியில் இருக்கும். லோ ரேஞ்ச் என்பதால் நாலு பேர் தள்ளினாலும் அசையாது. காலையில் ஹப்பைத் திறந்து 2எச்-க்கு (பின்சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரண நிலை) மாற்றிவிட்டுத்தான் ரோட்டில் எடுக்க வேண்டும். சோம்பல்தான், ஆனால் ஒரு நிமிட வேலை. கேம்ப் போகும்போது அந்தப் பூட்டின் இரண்டாவது சாவி என்னோடு வராது, நண்பர் வண்டியில் வரும்.

ஜிபிஎஸ் டிராக்கரைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். போட்டிருக்கிறேன், ஆனால் அதை நான் பூட்டாகக் கணக்கில் வைப்பதில்லை. வண்டி போன பிறகு எங்கே என்று சொல்வதற்குத்தான் அது. சில விஷயங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த பல டிராக்கர்கள் 2ஜியில் ஓடுபவை. ஜியோவில் 2ஜி கிடையாது, அந்த சிம்மைப் போட்டால் பெட்டி ஊமை. சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்தாலும் ஊமைதான். பெட்டியோடு வரும் பாஸ்வேர்டு பெரும்பாலும் 123456 மாதிரி ஒன்று, அதை மாற்றாவிட்டால் உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று உங்களுக்கு முன் அடுத்தவனுக்குத் தெரியும். வண்டியை வாரக்கணக்கில் எடுக்காமல் வைத்தால் டிராக்கர் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும்.

டிராக்கர் விற்றவர், போனிலிருந்தே இன்ஜினை நிறுத்தலாம், அந்த ஒயரையும் பம்ப் ரிலேயில் சேர்த்துவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். வால்பாறை மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவு. ஓடுகிற வண்டியில் இன்ஜின் அணைந்தால் பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்டருக்கு வேக்குவம் போய்விடும், ஓரிரு மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாக இறுகும். ஓட்டுவது திருடனாகவே இருக்கட்டும், எதிரே வருவது யார்? தவறாக ஒரு எஸ்எம்எஸ் போனால் ஓட்டுவது நானாகவும் இருக்கலாம். குறைந்த வேகத்தில் மட்டும் நிறுத்துகிற வசதி சில கருவிகளில் உண்டு என்றாலும் என் மனசு ஒப்பவில்லை.

உண்மையில் முழு வண்டியைவிட உதிரிகள் போவதுதான் அதிகம். பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னிக்கும் மற்ற நாலு சக்கரத்துக்கும் ஆளுக்கொரு லாக் நட். அதன் சாவியை வீட்டில் மறந்துவிட்டுப் போய் டயர் பஞ்சரானால் நடுக்காட்டில் உட்கார வேண்டியதுதான், அதனால் ஒன்று டூல் பையில், ஒன்று வீட்டில். ஜாக்கி, ஸ்பேனர், டோ கயிறு எல்லாம் தரையில் போல்ட் செய்த இரும்புப் பெட்டிக்குள். ஜெர்ரி கேனை வெளியே மாட்டுவதையே விட்டுவிட்டேன்.

கடைசியாக இன்சூரன்ஸ். பழைய வண்டிதானே என்று தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருப்பவர்கள் கவனிக்க: அதில் திருட்டுக்கு ஒரு பைசா வராது. ஐந்து வருடத்தைத் தாண்டிய வண்டிக்கு ஐடிவி (வண்டிக்கு பாலிசியில் போடும் மதிப்பு) என்பது நாமும் கம்பெனியும் பேசி முடிவு செய்கிற தொகை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் சேசிஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்தார், நாலு பக்கமும் போட்டோ எடுத்தார், முதலில் சொன்ன தொகை சிரிப்பை வரவழைத்தது. சந்தை விலையைக் காட்டி, புது டயர், பூட்டு, ஒயரிங் பில்களை நீட்டி, கொஞ்சம் மேலே கொண்டுவந்தேன். திருட்டுத் தடுப்புக் கருவிக்கு ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கான) பிரீமியத்தில் 2.5 சதவீதம் தள்ளுபடி என்று ஒரு விதி இருக்கிறது, அதிகபட்சம் 500 ரூபாய். அதற்கும் புனேயில் உள்ள வாகன ஆராய்ச்சி அமைப்பான ஏஆர்ஏஐ அங்கீகரித்த கருவியாக இருக்க வேண்டும், பொருத்தியதற்குச் சான்றிதழ் வேண்டும். கணபதி பட்டறையின் கொக்கிக்கு யார் சான்றிதழ் தருவார்கள்? தள்ளுபடியை மறந்துவிட்டேன். ஆனால் போட்ட மாற்றங்கள் எல்லாவற்றையும் கடிதமாக எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு சீல் வாங்கி பாலிசியோடு வைத்திருக்கிறேன். நாளைக்கு கிளெய்ம் வந்தால் சொல்லாமல் ஒயரிங்கை மாற்றினாய் என்று யாரும் வாய் திறக்கக் கூடாது.

பாக்கி இருப்பது பானெட். அதற்குப் பூட்டு வைக்காதவரை பேட்டரி ஆபத்தில்தான் இருக்கிறது. பட்டறைக்காரர் ஒரு டிசைன் காட்டினார். வெளியே தெரிகிற மாதிரி இரண்டு பெரிய கொண்டி. பார்க்க ரேஷன் கடைக் கதவு மாதிரி இருந்ததால் வேறு யோசிக்கச் சொல்லியிருக்கிறேன்.