சோலை ஓடையில் தண்ணீர் அளந்த அனுபவம்

நீலகிரியில் சுமார் 2000 மீட்டர் உயரத்தில், சோலைக்காடும் புல்வெளியும் கலந்த ஒரு சிறு நீர்ப்பிடிப்பில் (பெய்யும் மழை ஒரே ஓடைக்கு வந்துசேரும் நிலப்பரப்பில்) மழையையும் ஓடை நீரையும் தொடர்ந்து அளந்து வருகிறேன். இதே வேலையில் இறங்கப்போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் கருவிகளைப் பற்றித்தான். எந்த லாகர் (நீர்மட்டத்தைத் தானாகப் பதிவு செய்யும் கருவி), என்ன விலை, எங்கே கிடைக்கும் என்று. கருவியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அது காட்டும் எண்ணில் எது ஓடை, எது காற்று, எது கசிவு என்று பிரிப்பதற்குத்தான் பாடுபட வேண்டியிருக்கிறது.

நீலகிரியில் இந்த வேலைக்கு நல்ல முன்னோடி உண்டு. கிளன்மார்கனில் தலா 32 ஹெக்டேர் அளவில் அடுத்தடுத்து இருந்த இரண்டு நீர்ப்பிடிப்புகளை 1968 முதல் அளந்தார்கள். முதல் சில வருடங்கள் எதையும் மாற்றவில்லை. ஒரு ஓடை இவ்வளவு தண்ணீர் கொடுத்தால் மற்றது எவ்வளவு கொடுக்கும் என்ற உறவை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். 1972-இல் ஒன்றில் மட்டும் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டார்கள். முதல் பத்து வருடச் சுழற்சியில் அந்த ஓடையின் நீர் சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் அடிக்கட்டை துளிர்த்து வளர்ந்த இரண்டாவது சுழற்சியில் குறைவு 25 சதவீதத்தைத் தாண்டியது. மரம் வைத்தால் தண்ணீர் பெருகும் என்று மேடைதோறும் சொல்கிறவர்கள் இதை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். எந்த மரம், எதை அழித்து வைத்த மரம் என்பதையெல்லாம் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. என்னிடம் இருப்பது ஒரே ஒரு நீர்ப்பிடிப்பு. சோலை ஓடை மழைக்கு எப்படி எழுகிறது, கோடையில் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் என் கேள்வி.

அனுமதி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விண்ணப்பம், வரைபடம், கருவிப் பட்டியல், காத்திருப்பு. ஒரு மேசையில் கோப்பு வெகுநாள் தூங்கியது, அப்புறம் எழுந்தது. வந்த உத்தரவில் இருந்த ஒரு நிபந்தனைதான் முழு வேலையையும் தீர்மானித்தது: காட்டுக்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது. ஓட்டத்தை அளக்க, புத்தகங்களில் இருப்பதுபோல் ஓடைக்குக் குறுக்கே கான்கிரீட் தடுப்பு கட்டும் எண்ணம் அதோடு போயிற்று. கழற்றி எடுக்கக்கூடிய இரும்புத் தகடு, மணல் மூட்டை, களிமண், இவ்வளவுதான்.

எல்லையை வரைவதும் எதிர்பார்த்ததைவிட இழுத்தது. 20 மீட்டர் இடைவெளியில் சமஉயரக் கோடுகள் உள்ள டோபோஷீட்டில் (நிலத்தின் மேடுபள்ளம் காட்டும் வரைபடத்தில்) இவ்வளவு சின்ன நீர்ப்பிடிப்பு இரண்டு மூன்று கோட்டுக்குள் அடங்கிவிடுகிறது. மேட்டு விளிம்பில் நடந்துதான் கோடு போட முடியும். புல்வெளியில் ஜிபிஎஸ் ஒழுங்காக வேலை செய்தது, சோலைக்குள் நுழைந்ததும் அலைபாய்ந்தது. தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று சந்தேகம் வந்த இடங்களில் கூட வந்த வனத்துறை வாட்சர் அண்ணனைத்தான் கேட்டேன். "மழையில வந்து பாருங்க சார், அதுவே காட்டும்" என்றார். அப்படியே செய்தோம். பரப்பில் பத்து சதவீதம் தப்பினால் மழை, நீர்க் கணக்கு முழுவதும் பத்து சதவீதம் தப்பும் என்பதால் இதற்கு நேரம் செலவழித்ததில் வருத்தமில்லை.

தடுப்புக்குத் தேர்ந்தெடுத்தது 90 பாகை வி வடிவக் காடி (வெட்டுப்பள்ளம்) வெட்டிய தகடு. காடியின் அடிமுனைக்கு மேல் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று தெரிந்தால் ஓட்டம் தெரிந்துவிடும். உயரத்தை மீட்டரில் எடுத்து, இரண்டரை அடுக்குக்கு (2.5 பவருக்கு) உயர்த்தி, 1.38-ஆல் பெருக்கினால் நொடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நொடிக்கு சுமார் 4.4 லிட்டர், 20 சென்டிமீட்டருக்கு சுமார் 25 லிட்டர். இந்த இரண்டரை அடுக்கில்தான் ஆபத்தும் இருக்கிறது. 10 சென்டிமீட்டரை 12 என்று படித்தால் ஓட்டம் 58 சதவீதம் கூடுதலாகக் கணக்காகும். அதனால் தகட்டை ரசமட்டம் வைத்து நிறுத்த வேண்டும், உயரத்தைக் காடிக்குப் பக்கத்தில் எடுக்கக் கூடாது. விழும் இடத்தை நெருங்கும்போதே நீர்மட்டம் சரிந்துவிடும். அதிகபட்ச உயரத்தைப்போல் நான்கு மடங்கு தூரம் பின்னால் தள்ளி அளவுகோலை நட்டோம்.

கசிவு ஒரு தனித் தலைவலி. தகட்டுக்கு அடியிலும் கரையோரமும் நண்டு வளை, வேர்ப் பொந்து என்று தண்ணீருக்கு நூறு வழி. களிமண்ணை மிதித்து மிதித்து அடைத்தோம். அடைத்தாயிற்று என்று கண்ணால் பார்த்து நம்ப முடியாது. அதற்கு உப்பு உதவியது. ஓடையின் மேலே உப்புக் கரைசலை ஒரே வீச்சில் ஊற்றிவிட்டு, நன்றாகக் கலந்துவரும் தூரத்தில் மின்கடத்துதிறன் மீட்டரை (தண்ணீரில் உப்பு கூடினால் இதன் எண்ணும் கூடும்) வைத்து, ஐந்து நொடிக்கு ஒருமுறை எழுத வேண்டும். அளவு ஏறி இறங்கிப் பழைய இடத்துக்கு வந்ததும், அந்த எண்களை வரைந்தால் வரும் வளைவின் பரப்பிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடலாம். சோலைத் தண்ணீரில் கரைந்த உப்புகள் மிகக் குறைவு. நொடிக்கு ஐந்து லிட்டர் ஓடும்போது 100 கிராம் உப்பே தாராளம். தடுப்புக்கு மேலே இப்படி அளந்ததும் காடியில் போவதும் ஒத்துவரும்வரை கரையை அடைத்துக்கொண்டே இருந்தோம். அந்த நாட்களில் அட்டைகளுக்கு நல்ல விருந்து.

இனி லாகர். தண்ணீருக்குள் கிடக்கும் அழுத்த சென்சார் தண்ணீரின் எடையோடு அதன் மேலுள்ள காற்றின் எடையையும் சேர்த்துத்தான் சொல்லும். ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தண்ணீர். நம் வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் ஒழுங்கு தவறாமல் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். காலை பத்து மணிவாக்கிலும் இரவு பத்து மணிவாக்கிலும் உச்சம். திருத்தாத தரவை வரைந்து பார்த்தால் மழையே இல்லாத நாளிலும் ஓடை தினம் இரண்டு முறை பொங்கி வடிவதுபோல் அழகான அலை தெரியும். காற்றழுத்தத்துக்கென்று கரையில் இன்னொரு லாகர் வைத்துக் கழித்தால் அலை போய்விடும். அந்த லாகரும் நிழலில் இருக்க வேண்டும். தகரப் பெட்டிக்குள் வெயிலில் வைத்தால் சூடேறி அது வேறு பிழையைக் கொண்டுவரும்.

பிப்ரவரி, மார்ச்சில் வானம் தெளிந்த நாட்களில் திருத்திய பிறகும் ஒரு அலை மிஞ்சியது. சில மில்லிமீட்டர்தான், ஆனால் நாளுக்கு ஒரே தடவை. பிற்பகலில் இறங்கி, விடிவதற்குள் மீண்டது. லாகர் நிறுவனம் தரும் உத்தரவாதமே அரை சென்டிமீட்டர் என்பதால் முதலில் நான் நம்பவில்லை. மேகம் மூடிய நாட்களில் அலை மங்கியது, வெயில் வந்ததும் திரும்பியது. ஓடையோரத்து மரங்கள் பகலில் வேரால் உறிஞ்சுவதன் தடம் இது. பாடப்புத்தகத்தில் படித்ததை நம் ஓடையின் கோட்டிலேயே பார்த்த அன்று வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

கோடை முற்றியதும் வி காடி கைவிட்டுவிடும். உயரம் ஐந்தாறு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் தண்ணீர் தாவி விழாமல் தகட்டில் ஒட்டிக்கொண்டு வழியும், சூத்திரம் பொருந்தாது. அப்போது பிளாஸ்டிக் பக்கெட்டும் ஸ்டாப்வாட்சும்தான். 15 லிட்டர் பக்கெட் நிரம்ப 50 நொடி ஆனால் நொடிக்கு 0.3 லிட்டர். இதைவிட நம்பகமான கருவி என்னிடம் இல்லை.

மழைமானியில் ஒவ்வொரு 0.2 மில்லிமீட்டருக்கும் ஒரு சின்னக் கரண்டி கவிழும். இலை விழுந்து புனல் அடைத்துக்கொண்டால் பெருமழை கூடத் தூறலாகப் பதிவாகும். பக்கத்தில் ஒரு சாதாரண மழைமானியையும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்கிறேன். புல்வெளியில் வைத்த கம்பத்தைக் காட்டெருமை உரசிச் சாய்த்தது. சுற்றி முள் போட்டோம், அதையும் தள்ளிவிட்டுப் போயிற்று. இப்போது கம்பம் பாறைகளுக்கு நடுவே நிற்கிறது, சரிவு கொஞ்சம் மோசமாக இருந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

அனுமதியைப் புதுப்பிக்கப் போனபோது வனச்சரகர் அறிக்கையைப் புரட்டிவிட்டு ஒன்றைத்தான் கேட்டார். தீத்தடுப்புக் காலத்தில் எந்த வாரம் தண்ணீர் மிகக் குறைவு, அப்போது ஒரு மணி நேரத்துக்கு எத்தனை லிட்டர் கிடைக்கும்? நொடிக்கு 0.3 லிட்டர் என்றால் மணிக்கு 1080. பக்கெட் கணக்கிலிருந்து வாரவாரியாக ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தேன். அடுத்த வருடத்துக்குக் கீழே உள்ள பள்ளத்தையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறார். அங்கே அகலம் அதிகம், இந்தத் தகடு போதாது. உப்பை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.