எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க் லாப்டொப்பில காட்டேல்லையே? போமட் பண்ண முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

கொக்குவிலில இருக்கிற எங்கட சித்தப்பான்ர ஒரு டிபி எக்ஸ்டேர்னல் போன கிழமை திடீரெண்டு லாப்டொப்பில வரேல்லை. லைட் பத்துது, உள்ள ஏதோ சுத்திறதும் கேக்குது, ஆனா திஸ் பிசியைத் திறந்தால் சியும் டியும் மட்டும்தான் கிடக்கு. அந்த டிஸ்குக்குள்ள காணி உறுதி ஸ்கான் பண்ணினதுகள், 1995 இடப்பெயர்வில அம்மம்மா தென்மராட்சிக்குக் காவிக்கொண்டு போன அல்பத்தின்ர படங்கள் எல்லாம் இருக்கு, அல்பத்தைப் பேந்து கறையான் அரிச்சுப்போட்டுது, ஸ்கான் கொப்பிதான் மிச்சம். டவுனில ஒரு கடைக்குக் கொண்டுபோனவராம், பெடியன் ஒருக்காச் செருகிப் பாத்திட்டு "ஐயா, டிஸ்க் போட்டுது, டேட்டா வேணுமெண்டால் கொழும்புக்குத்தான் அனுப்போணும்" எண்டு சொல்லிப்போட்டான்.

நான் முதல்ல பாத்தது கேபிளை. டிஸ்க் பக்கம் செருகிற தலை அகலமா, நடுவில வெட்டு விழுந்தமாதிரி இருக்குமே, அதுதான் கெதியா லூசாகிறது. வயரை லேசா ஆட்டினால் லைட் மினுங்குது. லைட் பத்தினால் கரண்ட் கொஞ்சம் போகுதெண்டு மட்டும்தான் அர்த்தம், டேட்டா போகுதெண்டில்லை. இந்தச் சின்ன டிஸ்குகளுக்கு வேற பவர் வயர் இல்லை, எல்லாம் யூஎஸ்பியாலதான் வரோணும், பழைய யூஎஸ்பி 2 போர்ட் குடுக்கிறது 500 மில்லிஅம்பியர், நீல நிற யூஎஸ்பி 3 எண்டால் 900, அதால ஹப்பில (ஒரு போர்ட்டைப் பலதாக்கிற பெட்டியில) போட்டுப் பாக்கிறதை விட்டிட்டு நேர லாப்டொப்பில போடுங்கோ.

டிஸ்கைக் காதுக்குக் கிட்ட வச்சுக் கேட்டன். சுத்தத் தொடங்குது, "டிக்" எண்டு நிக்குது, திரும்பச் சுத்துது. என்ர டிஸ்கின்ர கேபிளை எடுத்துப் போட்டன், "ம்ம்ம்" எண்டு ஒரே சீரா ஓடத் தொடங்கிச்சு. நல்ல கேபிள், நல்ல போர்ட், அப்பிடியும் டிக் டிக் எண்டு அடிச்சுக்கொண்டே இருந்தால் அது ஹெட் (உள்ள தட்டை வாசிக்கிற முனை) பிரச்சினை, உடன கழட்டிப்போட்டு டேட்டா ரிக்கவரி ஆக்களிட்டக் குடுங்கோ, திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கப் பாக்க உள்ள தட்டு உரஞ்சுப்பட்டு இருக்கிறதும் போயிடும்.

லாப்டொப்பும் டிங் எண்டிச்சு, ஆனா திஸ் பிசியில இன்னும் ஒண்டுமில்லை. "பாத்தியே தம்பி, பெடியன் சொன்னது சரிதானே" எண்டார் சித்தப்பா. ஸ்டார்ட் பட்டனில ரைட் கிளிக் பண்ணி டிஸ்க் மேனேஜ்மென்டை, அதுதான் செருகின டிஸ்க் எல்லாத்தையும் காட்டிற இடத்தை, திறந்தன். டிஸ்க் 1, 931 ஜிபி (ஒரு டிபி விண்டோசில அப்பிடித்தான் காட்டும்), என்டிஎப்எஸ் (விண்டோஸ் பைல் வைக்கிற முறை), ஹெல்த்தி, எல்லாம் வடிவா இருக்கு, டிரைவ் லெட்டர், சி, டி மாதிரி வைக்கிற எழுத்து, அது மட்டும் இல்லை! அதில ரைட் கிளிக், சேஞ்ச் டிரைவ் லெட்டர், அட், ஒரு எழுத்தைக் குடுத்து ஓகே. போல்டர் எல்லாம் வந்து நிண்டிச்சு.

உங்களுக்கு அந்த இடத்தில ரோ (விண்டோசுக்கு உள்ள இருக்கிறது விளங்கேல்லை எண்டு அர்த்தம்) எண்டு காட்டி போமட் பண்ணவோ எண்டு கேட்டால், இல்லாட்டி இனிஷியலைஸ் (புது டிஸ்க் மாதிரி முதல்ல இருந்து ஆயத்தம்) பண்ணச் சொல்லிக் கேட்டால், கான்சல்தான் அமத்தோணும், உள்ள சாமான் இருந்தால் ரெண்டுக்கும் ஓம் சொல்லாதேங்கோ. கனடாவில இருந்து வாற சொந்தக்காரர் மக்கில போமட் பண்ணின டிஸ்கைத் தந்திட்டுப் போவினம், அதையும் விண்டோஸ் சும்மா திறக்காது, டிஸ்க் பழுதெண்டில்லை, ஒரு மக்கில போட்டுப் பாருங்கோ.

செக்டிஸ்க், விண்டோசில டிஸ்கின்ர பிழை தேடித் திருத்திற புரோகிராம், அதை ஓடு எண்டு எல்லாரும் சொல்லுவினம். எனக்கு அதில உடன்பாடில்லை. நான் டிஸ்கின்ர சுகத்தைக் காட்டிற கிறிஸ்டல் டிஸ்க் இன்போ எண்ட புரோகிராமில பாக்க மஞ்சளாக் கோஷன் (கவனம்) எண்டு காட்டிச்சு, பென்டிங் செக்டர், அதாவது சரியா வாசிக்கேலாத இடங்கள், கொஞ்சம் இருக்கு, அப்பிடிப்பட்ட டிஸ்கில செக்டிஸ்க் ஓட விட்டால் அது திருத்திறனெண்டு இருக்கிற பைலையும் குழப்பிவிடும். முதல் கொப்பி, பேந்துதான் வைத்தியம். அல்பப் படங்களையும் உறுதியையும் முதல் எடுத்தன், சிலது இழுத்திழுத்து வந்தாலும் வந்திட்டுது, கலியாண வீடியோக்களை இரவிரவா ஓட விட்டன்.

இப்ப எல்லாம் புது டிஸ்கில. பழைய கேபிளை மட்டும் ரெண்டா வெட்டித்தான் எறிஞ்சனான், இல்லாட்டிச் சித்தப்பா அதைத் திரும்ப லாச்சிக்குள்ள வச்சிடுவார்.