வடமுனை, வடதுருவம்: காந்தவியலில் மதிப்பெண் வழுக்கும் இடம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. இயற்பியலில் கரையேறிய நிம்மதி ஆறுவதற்குள் அடுத்த செட்டுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். காந்தவியலில் ஃபார்முலா தெரிந்திருந்தும் 'வட' என்ற ஒரு சொல்லில் மதிப்பெண் போகிறது.

காந்தத்தின் வடமுனை என்றால் வடக்கு நோக்கி நிற்கும் முனை. பெயர்க்காரணம் அவ்வளவுதான். எதிர் முனைகள்தாம் ஈர்க்கும்; ஆகவே அந்த முனையை வடக்கே இழுப்பது தென்முனையாகத்தான் இருக்க முடியும். பூமிக்குள் ஒரு சட்டகாந்தம் வரைந்தால் அதன் தென்முனை ஆர்க்டிக் பக்கம் வரும். ஆனால் புவியியலில் அந்த இடத்துக்குப் பெயர் 'வட காந்தத் துருவம்'. இரண்டும் சரியே. ஒன்று முனையின் தன்மை, மற்றது இடத்தின் பெயர்.

அதனால் ஒரே ஒரு பழக்கம் போதும். காந்தத்துக்கு 'முனை', பூமிக்குத் 'துருவம்'. கேள்வியைப் படித்ததும் பென்சிலால் அப்படி மாற்றிக் குறித்துவிட்டுத்தான் கணக்கைத் தொட வேண்டும். சுலபமான ஒரு மார்க் கேள்வியிலும் இதை விடாதீர்கள்.

இது கைகொடுப்பது சுழிப்புள்ளிக் கணக்கில். காந்தத்தின் புலமும் பூமியின் கிடைத்தளப் புலமும் ஒன்றையொன்று சரியாக அழித்துக்கொள்ளும் இடம்தான் சுழிப்புள்ளி. வெளியே காந்தப்புலக் கோடுகள் வடமுனையில் புறப்பட்டுத் தென்முனையில் நுழையும். எனவே பூமியின் கிடைத்தளப் புலம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியது. சட்டகாந்தத்தின் வடமுனை வடக்கே இருந்தால், நடுவரைக் கோட்டில் (காந்தத்தின் நடுவே குறுக்காகச் செல்லும் கோடு) அதன் புலம் தெற்கு நோக்கும், சுழிப்புள்ளி அங்கேதான். தென்முனை வடக்கே இருந்தால் அச்சுக்கோட்டில் (இரு முனைகள் வழியே செல்லும் கோடு). காந்தத் திருப்புத்திறன் (காந்தத்தின் வலிமையைச் சொல்லும் அளவு) 0.4 ஆம்பியர் மீட்டர்², பூமியின் கிடைத்தளப் புலம் 4×10⁻⁵ டெஸ்லா, காந்தம் மிகச் சிறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நிலையில் தூரம் 10 செ.மீ., இரண்டாவதில் 12.6 செ.மீ. அச்சுக்கோட்டில் புலம் இரு மடங்கு, தூரம் 2-இன் கனமூல மடங்கு மட்டுமே. பலர் இங்கே 20 செ.மீ. என்று எழுதிவிடுகிறார்கள்.

மூன்று புள்ளிகளையும் பிரித்து வையுங்கள்:
- புவியியல் துருவம்: சுழலச்சு தரையைத் தொடும் இடம்.
- காந்தத் துருவம்: சரிவு ஊசி (மேலும் கீழும் சாயக்கூடிய காந்த ஊசி) செங்குத்தாக நிற்கும் இடம். 1831-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கனடாவின் பூத்தியா தீபகற்பத்தில் கண்டார். இப்போது சைபீரியா பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது.
- புவிக்காந்தத் துருவம்: கற்பனைச் சட்டகாந்தத்தின் அச்சு தரையைத் தொடும் இடம்.

காந்தச் சரிவுக்கு (அந்த ஊசி கிடைத்தளத்திலிருந்து சாயும் கோணம்) நம் ஊரையே நினைத்துக்கொள்ளலாம். சென்னையில் ஏறத்தாழ 15 டிகிரி, வடமுனை கீழே சாயும். தெற்கே போகப் போகக் குறையும். திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவை ராக்கெட் ஏவுதளமாகத் தேர்ந்ததே காந்த நடுக்கோடு (சரிவு சுழியாகும் கோடு) அருகில் செல்வதால்தான். முதல் ராக்கெட் 1963-இல் பறந்தது.

பிராக்டிக்கலுக்கு (டேஞ்சன்ட் கால்வனாமீட்டர்: சுருளில் மின்னோட்டம் செலுத்தி, நடுவிலுள்ள காந்த ஊசியின் விலகலிலிருந்து பூமியின் கிடைத்தளப் புலத்தைக் காணும் கருவி):
- லேப் காந்தத்தின் பெயிண்டை நம்பாதீர்கள். தவறாக வைத்திருந்தால் முனை மாறியிருக்கும். நூலில் தொங்கவிட்டுப் பாருங்கள். ஊசியை வைத்துச் சோதித்தால் விலக்கமே சான்று. வெறும் இரும்பும் ஈர்க்கும்.
- முதலில் திசைகாட்டிப் பெட்டியை மட்டும் திருப்பி 90-90 கோட்டைச் சுருளின் தளத்துக்கு இணையாக்குங்கள். பிறகு முழுக் கருவியையும் திருப்பிக் குறிமுள்ளை 0-0-இல் நிறுத்துங்கள். வரிசை மாறினால் எல்லா அளவீடும் பாழ்.
- விலகல் 30 முதல் 60 டிகிரிக்குள். 45-ஐ ஒட்டி இருந்தால் பிழை மிகக் குறைவு.
- மின்னோட்டத் திசையை மாற்றியதும் அளவீடுகள் வெகுவாக வேறுபட்டால் சுருள் காந்தத் துருவத் தளத்தில் (காந்த வடக்கு-தெற்குத் திசையில் அமைந்த செங்குத்துத் தளம்) இல்லை. செல்போனும் பக்கத்து மேசைக் காந்தமும்கூட இதைச் செய்யும்.
- விடை 4×10⁻⁵ டெஸ்லாவை ஒட்டி வர வேண்டும். 2×10⁻⁵ வந்தால் ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டிருக்கிறீர்கள். 40×10⁻⁵ வந்தால் 5 சுற்றில் இணைத்துவிட்டு 50 என்று எழுதியிருக்கிறீர்கள்.