50,000 கடனுக்கு ஆபரேஷன் இலவசம்

2023-இல் வந்த ரோபோ சண்டை வீடியோ கேமான ஆர்மர்ட் கோர் 6-ஐ முடித்த கையோடு நம்மாளுக்கு ஓர் ஆசை எழும். இதே வரிசையில் 1997-இலிருந்து ஒரு பரண் நிறையக் கிடக்கிறதே, முதல் கேமிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி ஆடிவிடலாம் என்று. ஆறாவதில் பறந்து பறந்து அடித்த கை. 26 வருஷப் பழசு என்ன செய்துவிடும்?

முதல் பாகத்தின் முதல் வேலை, ரேவன், அதாவது கூலிக்குச் சண்டை போடும் ரோபோ ஓட்டி, ஆவதற்கான தேர்வு. எதிரே இரண்டு எம்டி, அதாவது சாதா ரோபோ. நாம் ஓட்டும் ஏசி என்ற ஆர்மர்ட் கோர் ரோபோவுக்கு முன்னால் எம்டி என்பது கால் முளைத்த தகர டப்பா. அந்த இரண்டு டப்பாவும் நம்மாளைச் சாவகாசமாகச் சுட்டுக்கொண்டிருக்க, அவர் வலது ஸ்டிக்கை முழு பலத்தோடு திருகிக்கொண்டிருப்பார். ஏசி அசையாது. ஸ்டிக் உடைந்தாலும் அசையாது. பிளேஸ்டேஷனுக்கு வந்த அந்த கேமுக்கு ஸ்டிக் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

அதற்குத் தெரிந்ததெல்லாம் இதுதான். டி-பேடில், அதாவது சிலுவை வடிவப் பட்டனில், மேல், கீழ் அழுத்தினால் முன்னே, பின்னே நடக்கும். இடது, வலது அழுத்தினால் நின்ற இடத்தில் திரும்பும், நகராது. பக்கவாட்டில் நகர எல்1, ஆர்1. அண்ணாந்து பார்க்க, குனிந்து பார்க்க எல்2, ஆர்2. மிச்சம் எல்லாம் வலது கட்டைவிரலின் தலையில்: எக்ஸ் பூஸ்ட் (ஜெட் விசையில் சீறிப் பாய), சதுரம் துப்பாக்கி, வட்டம் இடது கை பிளேடு, முக்கோணம் ஆயுதம் மாற்ற. பூஸ்ட் அடித்துக்கொண்டே சுட வேண்டும் என்றால் கட்டைவிரலைப் படுக்க வைத்து, நுனியால் சதுரத்தையும் மூட்டால் எக்ஸையும் அழுத்த வேண்டும். அதே நேரத்தில் எதிரி தலைக்கு மேலே போய்விட்டால் எல்2, ஆர்2-க்கு நடுவிரல்கள் போக வேண்டும். பழைய ஆட்டக்காரர்கள் கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் அழகைப் பார்த்தால் நண்டு ஒன்று கணக்குப் போடுவதுபோல இருக்கும்.

பழைய கேமைக் கணினியில் ஓட்டும் மென்பொருளான எமுலேட்டரில், சொந்த டிஸ்க்கிலிருந்து எடுத்த நகலை ஓட்டுகிறவர்களுக்கு வழி உண்டு. இடது ஸ்டிக்கின் மேல், கீழை டி-பேடின் மேல், கீழுக்குக் கொடுங்கள். அதன் இடது, வலதை எல்1, ஆர்1-க்கு. வலது ஸ்டிக்கின் இடது, வலதை டி-பேடின் இடது, வலதுக்கும், மேல், கீழை எல்2, ஆர்2-க்கும் கொடுங்கள். காலியான தோள்பட்டன்களில் ஆர்1 துப்பாக்கி, எல்1 பிளேடு, எல்2 பூஸ்ட், ஆர்2 ஆயுதம் மாற்ற. பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்தில் மூன்று இடத்தில் சறுக்கும்.

ஒன்று, டி-பேடை அதன் பழைய வேலையிலிருந்து கழற்றிவிடுவது. மெனுவில் மேலே கீழே போக இடது ஸ்டிக், பக்கவாட்டில் போக வலது ஸ்டிக் என்று ஆகி, ஒரு பார்ட் வாங்க இரண்டு கையும் வேண்டியிருக்கும். டி-பேடை அப்படியே விட்டு, ஸ்டிக்கைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். இரண்டு, டெட்ஸோன், அதாவது ஸ்டிக் அசைந்தும் அசையாததாகக் கொள்ளும் நடு வட்டம். கேமைப் பொறுத்தவரை பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறது அல்லது இல்லை, நடுவில் எதுவும் கிடையாது. தேய்ந்த ஸ்டிக் மயிரிழை விலகினாலும் ஏசி முழு வேகத்தில் சுற்றத் தொடங்கும். அதனால் டெட்ஸோனைத் தாராளமாக ஏற்றிவையுங்கள். மூன்றாவதுதான் மோசம். கேமுக்குள்ளேயும் பட்டன் மாற்றும் மெனு இருக்கிறது. எமுலேட்டரில் கொஞ்சம், கேமில் கொஞ்சம் என்று மாற்றிவைத்தால் எந்தப் பட்டன் எதைச் செய்கிறது என்பது அப்புறம் ஆண்டவனுக்கே வெளிச்சம். ஒரே இடத்தில் மட்டும் மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்தாலும், ஸ்டிக்கைத் தள்ளுகிற வேகத்துக்கு ஏசி திரும்பாது. திரும்பும் வேகத்தைத் தீர்மானிப்பது கால்கள், விரல் அல்ல. டேங்க் கால் போட்டால் கப்பல் திரும்புகிற நிதானம். எதிரி முதுகுப் பக்கம் போய்விட்டால் திரும்பித் தேடுவதைவிடப் பின்னோக்கி பூஸ்ட் அடித்து இடைவெளி ஏற்படுத்துவது மேல். தூரம் கூடினால் அவனே லாக் பெட்டிக்குள், அதாவது திரையில் குறி தானாகப் பூட்டிக்கொள்ளும் சதுரத்துக்குள், வந்து விழுவான்.

சரி, தேர்வில் பாஸ். இனிமேல்தான் உண்மையான எதிரி வருகிறது: மிஷன் முடிந்ததும் வரும் கணக்குச் சீட்டு. சம்பளம் ஒரு வரி. அதிலிருந்து சுட்ட ஒவ்வொரு குண்டுக்கும் காசு, அடிபட்டதற்கு ரிப்பேர் செலவு. குரோம், முரகுமோ என்று இரண்டு ராட்சசக் கம்பெனிகள் உலகத்தையே பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. ஆனால் குண்டுச் செலவு ரேவன் தலையில். ஒற்றை எம்டியை வீழ்த்த அரை டஜன் ஏவுகணை விட்டவருக்கு, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்பதன் அர்த்தம் அந்தச் சீட்டில் விளங்கிவிடும்.

பிளேடுக்குக் குண்டுச் செலவு கிடையாது. எனர்ஜி ஆயுதங்களுக்கும் கிடையாது. கராசவா என்ற எனர்ஜி ரைஃபிளைப் பழைய ஆட்கள் கோயில் சிலைபோல மதிப்பதற்கு அதன் அடி மட்டும் காரணமில்லை, அது சம்பளத்தைத் தின்னாது. ஆரம்பத்தில் கையில் இருக்கும் டபிள்யூஜி-ஆர்எஃப்35 ரைஃபிளில் 200 குண்டு. சின்ன எதிரிகளை பிளேடால் வெட்டி, மிஞ்சியதற்கு அதைச் செலவழித்தாலே போதும். ஏவுகணையை ஏசி வகை எதிரிக்கு மட்டும் வையுங்கள்.

இதில் பலருக்குத் தெரியாத தயவு ஒன்று உண்டு. பார்ட் வாங்கிய விலைக்கே திரும்ப விற்கும். ஒரு காசு குறையாது. குண்டுக்குக் கறாராகக் காசு பிடுங்குகிற அதே உலகம், சண்டையில் அடிபட்டுக் கிழிந்த காலை முழு விலைக்கு வாங்கிக்கொள்ளும். அதனால் கராஜில் பயப்படவே வேண்டாம். பிடிக்காத ஆயுதத்தை விற்று, வேறொன்றை மாட்டி, ஒரு மிஷன் போய்ப் பார்த்து, அதையும் விற்கலாம்.

முதலில் எதை வாங்குவது? நம்மாள் பெரிய பீரங்கியைத்தான் வாங்குவார். முதுகு பீரங்கியை இரண்டு கால் ஏசியில் மாட்டினால், ஒவ்வொரு முறை சுடும்போதும் அது முழங்கால் போட்டு உட்கார்ந்துதான் சுடும். எதிரி நாலு பக்கமும் சுற்றிவரும்போது நம்மாளின் ஏசி தரையில் மண்டியிட்டு விண்ணப்பம் கொடுப்பதுபோல இருக்கும். நடந்துகொண்டே பீரங்கி சுட வேண்டுமென்றால் நான்கு கால் வேண்டும், இல்லையேல் டேங்க்.

வாங்க வேண்டியது ஜெனரேட்டர். பூஸ்ட், பிளேடு, எனர்ஜி ஆயுதம் எல்லாமே ஒரே தொட்டியில்தான் தண்ணீர் இறைக்கின்றன. ஜெனரேட்டர் தரும் சக்தியிலிருந்து மாட்டிய பார்ட்ஸ் எல்லாம் இழுப்பதைக் கழித்தால் வரும் மிச்சம்தான், காலியான தொட்டி நிரம்பும் வேகம். கராஜில் மற்ற எண்களை விட்டுவிட்டு இந்த ஒரு கழித்தலைப் போட்டால் போதும். மிச்சம் சொற்பமாக இருந்தால் எவ்வளவு உயர்ந்த ஆயுதம் மாட்டியும் பயனில்லை. தொட்டி அடியோடு வற்றினால் சார்ஜிங் என்ற தண்டனை விழும். முழுக்க நிரம்பும்வரை பூஸ்டும் இல்லை, எனர்ஜி ஆயுதமும் இல்லை, பொடிநடைதான். எச்சரிக்கை ஒலி கேட்டதும் விரலை எடுத்துவிட வேண்டும். ஆறாவதில் பூஸ்டை ஒரு தடவை தட்டினால் ஓடிக்கொண்டே இருக்கும், இங்கே விட்டு விட்டுத் தட்ட வேண்டும். தட்டி விட்ட வேகத்தில் ஏசி கொஞ்ச தூரம் தானே சறுக்கும், அந்த இடைவெளியில் தொட்டி கொஞ்சம் நிரம்பும். முதல் பாகத்தில் ஜிபிஜி-10000 ஜெனரேட்டரை வாங்கிவிட்டால் இந்தக் கவலையில் பாதி தீரும்.

அடுத்தது தலை. ரேடார் உள்ளேயே அமைந்த தலையை வாங்கினால் முதுகில் தனி ரேடாரைச் சுமக்க வேண்டாம், ஒரு தோள் மிச்சம். லாக் பெட்டியின் அகலத்தை எஃப்சிஎஸ் என்ற குறிபார்க்கும் பார்ட் தீர்மானிக்கிறது. குறுகிய சுரங்கப் பாதை மிஷன்கள் நிறைய வரும். அங்கே அகலமான, கிட்டத்து லாக்கே உதவும்.

இப்போது தலைப்புக்கு வருவோம். மிஷனில் தோற்றால் சம்பளம் கிடையாது, குண்டுக்கும் ரிப்பேருக்கும் மட்டும் பிடித்தம் உண்டு. கணக்கு மைனஸில் போகும். மைனஸ் 50,000-ஐத் தாண்டியதும் வேறு கேமாக இருந்தால் ஆட்டம் முடிந்தது என்பார்கள். இங்கே உங்களைப் பிடித்துக்கொண்டுபோய் ஆபரேஷன் செய்து, ஹியூமன் பிளஸ் என்ற பெயரில் அரை மனிதனாக்கி, கதையை முதலிலிருந்து தொடங்கிவைப்பார்கள். எனர்ஜி குறைவாகச் செலவாகும், ரேடார் உடம்போடு வரும், முழங்கால் போடாமலே பீரங்கி சுடலாம். ஒரே தடவையில் எல்லாம் வராது, திரும்பத் திரும்பத் திவாலாக வேண்டும். நிஜமாகவே தடுமாறுகிறவனுக்குக் கை கொடுக்கும் ஏற்பாடு இது. ஆனால் வேண்டுமென்றே கடனாளி ஆகிறவர்கள்தான் அதிகம். அதற்கும் முறை இருக்கிறது. கையில் உள்ள காசை எல்லாம் பார்ட்ஸில் முடக்குங்கள். விலை அதிகமான ஏவுகணையை மாட்டி, மிஷனில் இறங்கி, வானத்தைப் பார்த்து முழுவதையும் சுட்டுத் தீர்த்துவிட்டு, எதிரி முன்னால் போய் நில்லுங்கள். திவாலாவதற்கு இவ்வளவு உழைப்பு கேட்கும் கேம் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

கடைசி மிஷனின் பெயர் மிதக்கும் கண்ணிவெடிகளை அழிப்பது. பெயரைப் பார்த்தால் துப்புரவு வேலைபோல இருக்கும். உள்ளே நைன்-பால் காத்திருக்கிறது. அதைவிடக் கொடுமை, நகரும் கட்டைகளில் தாவித் தாவி ஒரு கிணற்றில் மேலேறும் பகுதி. ரோபோ சண்டைக்கு என்று கட்டிய கனரக ஏசி அங்கே படிக்கட்டு ஏறும் யானை. தவறி விழுந்தால் மறுபடி கீழிருந்து. போவதற்கு முன் எடையைக் குறைத்து, ஜெனரேட்டரைப் பெரிதாக்கி, ஒவ்வொரு கட்டையிலும் நின்று தொட்டி நிரம்பியபின் அடுத்ததற்குத் தாவுங்கள். அவசரப்பட்டு இரண்டு கட்டையை ஒரே மூச்சில் தாண்டப் பார்ப்பவர்தான் நடுவானில் சார்ஜிங்கில் மாட்டுகிறார்.

இதன் சேவ் கோப்பை அப்படியே எடுத்துக்கொண்டு ப்ராஜெக்ட் ஃபான்டாஸ்மாவுக்கும், அங்கிருந்து 1999-இல் வந்த மாஸ்டர் ஆஃப் அரீனாவுக்கும் போகலாம். போகலாம் என்று நினைத்து டக்ஸ்டேஷன் என்ற எமுலேட்டரில் ஆடியவர்கள், அடுத்த கேமில் மெமரி கார்டு துப்புரவாகக் காலியாக இருப்பதைப் பார்த்து உறைந்துபோவார்கள். சேவ் எங்கும் போகவில்லை. அந்த எமுலேட்டர், தானாக விட்டால், ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனி கார்டு போடும். அமைப்பில் பொதுக் கார்டு என்று மாற்றுங்கள், அல்லது கார்டு எடிட்டரில் சேவ் கோப்பை நகலெடுத்துப் போடுங்கள். சேவ் ஸ்டேட்டை, அதாவது ஆட்டத்தை நின்ற நொடியில் உறையவைக்கும் எமுலேட்டர் வசதியை, மட்டும் நம்பி கேமுக்குள் சேவ் செய்யாமலே முடித்தவருக்கு இந்த வைத்தியமும் இல்லை. ஜப்பானிய டிஸ்க்கில் ஆடிய சேவ் கோப்பை அமெரிக்க டிஸ்க் கண்டுகொள்ளும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

பிஎஸ்2 பாகங்களில் இரண்டாவது செவ்வாய்க்கும், மூன்றாவது பூமிக்கு அடியிலுள்ள நகரத்துக்கும் கூட்டிப்போகும். மூன்றாவதில் குண்டு தீர்ந்த ஆயுதத்தைச் சண்டைக்கு நடுவிலேயே கழற்றி எறியலாம், எறிந்ததும் எடை குறைந்து வேகம் கூடும். முதன்முதலில் பழசை ஆடுகிறவர் இந்த மூன்றாவதிலிருந்தே தொடங்கினாலும் குற்றமில்லை. அதை பிஎஸ்பியிலும் கொண்டுவந்தார்கள். நாலு தோள்பட்டனுக்கே விரல் போதாத கேமை, இரண்டே தோள்பட்டன் உள்ள பெட்டியில் வைத்த தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

2004-இல் நெக்ஸஸ் வந்து இரண்டு ஸ்டிக்குக்கும் வேலை கொடுத்தது. நம்மாள் ஆனந்தக் கண்ணீர் விட்டு பூஸ்ட் அடிப்பார். ஏசி சூடாகி அலறும். எதிரி யாரும் இன்னும் சுடவே இல்லை. நெக்ஸஸில் பூஸ்டரே வெப்பம் கக்கும். எல்லை தாண்டினால் ரேடியேட்டர் அவசரமாகக் குளிர்விக்க எனர்ஜியைக் குடிக்கும், எனர்ஜி போனதும் பூஸ்ட் நிற்கும், நின்றவனை ஏவுகணை அடிக்கும், அந்த அடியில் இன்னும் சூடு. ஏசி என்று பெயர் வைத்துக்கொண்டு இந்தப் புழுக்கம். மருந்து: முதல் காசில் நல்ல ரேடியேட்டர், ட்யூன் புள்ளிகளை அதன் குளிர்விக்கும் திறனில் போடுவது, உந்துவிசை பெரிது என்று மயங்காமல் வெப்பம் குறைந்த பூஸ்டரை எடுப்பது.

அதே ஆண்டு வந்த நைன் பிரேக்கரில் கதையே இல்லை, பயிற்சியும், ஒற்றைக்கு ஒற்றை மோதும் அரீனாவும்தான். கதைக்காக ஆடுகிறவர் தாண்டிவிடலாம். 2005-இன் லாஸ்ட் ரேவனைத் தாண்ட முடியாது. இந்த வரிசையில் ஈவிரக்கம் இல்லாதது இதுதான். கதை மொத்தமும் 24 மணி நேரத்துக்குள் நடக்கிறது, எந்த மிஷனை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும், சண்டையில் உடம்பின் பார்ட்ஸ் தனித்தனியாக உடையும். கை உடைந்தால் குறி தவறும், கால் உடைந்தால் வேகம் போகும். ஒரே சேவின்மேல் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டு போனவர், தவறான கிளையில் இறங்கிவிட்டால் திரும்பி வர வழி இருக்காது. மிஷன் தேர்வுக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் சேவ் செய்யுங்கள், குறைந்தது மூன்று. எது எந்தக் கிளை என்று ஒரு தாளில் குறித்தும் வையுங்கள். மூன்று சேவும் பட்டியலில் அண்ணன் தம்பிபோல ஒரே சாயலில்தான் இருக்கும்.