புகையும் கிராம்பும்: ஒரே குடும்பத்து வாசனைகள்

ஜெர்மனியின் பாம்பெர்க் ஊர் புகை பீரை முதல்முறை வாயில் வைக்கிற நம்மவர்கள் பலருக்கும் நினைவுக்கு வருவது கருவாடு. அதில் தவறில்லை. மாசிக் கருவாட்டைக் கையில் உடைக்கும்போது வரும் வாசனைக்கும், அந்த ஊரின் ஷ்லெங்கெர்லா ஆலை காய்ச்சும் மெர்ட்சன் என்ற புகை பீர் கோப்பையிலிருந்து எழும் வாசனைக்கும் மூலம் ஒன்றுதான், மரப்புகை. விறகு எரியும்போது மரத்திலுள்ள லிக்னின் சிதைந்து குவாயகால், சிரிங்கால் முதலிய பீனால்கள் என்ற வாசனைப் பொருள்கள் உண்டாகின்றன. முளைகட்டிய பார்லியை, அதாவது மால்ட்டை, அந்தப் புகையிலேயே காயவைத்தால் அவை தானியத்தில் படிந்து பீர் வரைக்கும் வந்துசேரும்.

பெல்ஜியத்தில் ட்ராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடங்கள் காய்ச்சும் ஏல் வகை பீர்களில் புகைக்கு வேலையே இல்லை. ஆனாலும் வெஸ்ட்மாலெ மடத்து டிரிபெல்லை முகர்ந்தால் கிராம்பு மணக்கும். யாரும் கிராம்பு போடவில்லை. மால்ட்டிலிருக்கும் ஃபெரூலிக் அமிலத்தை ஈஸ்ட் 4-வினைல் குவாயகாலாக மாற்றுகிறது, அதன் மணம்தான் அது. பெயரிலேயே உறவு தெரிகிறது. ஓர்வால் மடத்து பீரில் இந்தக் கதை இன்னும் ஒரு படி போகும். அங்கே பாட்டிலுக்குள் இருக்கும் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் அந்தக் கிராம்புப் பொருளைப் பிடித்து 4-எத்தில் குவாயகாலாக்குகிறது. அதன் மணமோ, மசாலாவும் புகையும் கலந்தது. விறகில்லாமலே புகை! ஒன்றில் நாக்கு பழகியவர்களுக்கு மற்றதும் சீக்கிரம் பிடித்துப்போவதற்கு இந்த உறவுதான் காரணம் என்பது என் கணிப்பு.

இரண்டு வகைக்கும் இன்னொரு ஒற்றுமை உண்டு. காய்ச்சுகிறவர்கள் சரியாகத்தான் செய்து அனுப்புகிறார்கள். கெடுவது பெரும்பாலும் குடிக்கிறவர் கையில்.

புகை பீரில் நடக்கும் முதல் தவறு, ருசி பார்ப்பதற்கென்று சின்னக் கிளாஸில் 100 மில்லி ஊற்றிக்கொள்வது. அந்த அளவில் மூக்குக்குப் புகையைத் தவிர வேறெதுவும் எட்டாது. முகம் சுளித்துவிட்டு, "இது எனக்கு ஒத்துவராது" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். பாம்பெர்க்கில் இதை அரை லிட்டர் கோப்பையில் கொடுப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. ஒரே வாசனை தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் மூக்கு அதற்குப் பழகி, அதைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அடுப்படியில் நிற்பவருக்குப் புகை உறைக்காததும், வாசலில் நுழைபவருக்கு உடனே உறைப்பதும் இதனால்தான். கோப்பை பாதியாகும்போது புகை விலகி, அடியிலிருந்த ரொட்டிப் பொருக்கு ருசி, லேசான இனிப்பு, கடைசியில் வரும் ஹாப்ஸ் பூவின் கசப்பு எல்லாம் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். நல்ல லாகர் (குளிரில் மெதுவாகப் புளிக்கவைத்த பீர்) ஒன்று அதுவரை புகைக்குப் பின்னால் காத்திருந்திருக்கிறது. ஆகவே முழு அரை லிட்டர் குடிக்காமல் இந்த பீரைப் பற்றி முடிவு கட்டாதீர்கள். சூடு 8 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். 4 டிகிரியில் மால்ட் ருசி அடங்கிப்போய் புகையும் கசப்பும் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

மெர்ட்சனிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்றில்லை. ஷ்லெங்கெர்லாவின் ஹெல்லஸ் என்ற வெளிர் பீரில் புகைபோட்ட மால்ட்டே கிடையாது. அதே கொப்பரைகளில் காய்ச்சி, புகை பீரில் வேலை செய்த ஈஸ்ட்டையே போடுவதால் ஒரு மெல்லிய புகைச்சாயல் மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். தயங்குகிறவருக்கு முதலில் இதைக் கொடுங்கள். அடுத்தது அதே ஊரின் ஸ்பெட்சியால் ஆலையின் பீர். அவர்களும் தங்கள் மால்ட்டுக்குத் தாங்களே புகை போடுகிறவர்கள், ஆனால் கை அளவாக இருக்கும். அதற்குப் பிறகு 5.1 சதவீத மெர்ட்சன். குளிர்காலத்தை ஒட்டி வரும் ஊர்பொக் 6.5 சதவீதம். ஐக்கே என்ற 8 சதவீத டொப்பல்பொக் (வீரியமான லாகர்) மட்டும் வழக்கமான பீச் மரத்தை விட்டு ஓக் மரப்புகைக்கு மாறுகிறது. வீரியம் கூடினாலும் புகை மெர்ட்சனைவிட மென்மை. கோதுமை கலந்த வைட்சனில் புகையோடு ஈஸ்ட்டின் கிராம்பும் சேர்ந்து வருவதால், மேலே சொன்ன உறவை ஒரே கிளாஸில் பார்க்க அதைவிட நல்ல பீர் இல்லை.

போலந்தின் க்ரோட்ஸிஸ்கியேயையும் சொல்லாமல் விட மனமில்லை. முழுக்க ஓக் புகை போட்ட கோதுமை மால்ட், சுமார் 3 சதவீத ஆல்கஹால், துள்ளும் நுரை. 1993-ல் ஆலை மூடி நின்றுபோன பீர் அது, 2015-ல் அதே ஊரில் மறுபடி காய்ச்சத் தொடங்கினார்கள். வெயில் காலத்துக்கு ஏற்ற புகை பீர் இது ஒன்றுதான்.

மெர்ட்சனை வாங்கி அடுக்கிவைக்காதீர்கள். நாளாக நாளாகப் புகையும் குறையும், ஆக்சிஜன் ஏறி நனைந்த அட்டைப்பெட்டி வாடையும் வரும். ஊர்பொக், ஐக்கே இரண்டும் ஓரிரு வருடம் தாங்கும். புகை மங்கி மால்ட்டோடு கலந்துவிடும்.

வீட்டில் காய்ச்சச் சட்டம் இடம்கொடுக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பீச் புகை போட்ட ஜெர்மன் மால்ட்டை 100 சதவீதம் வரைகூடப் போடலாம். முதல் தடவைக்கு 30 முதல் 40 சதவீதம் போதும். விஸ்கிக்கான பீட் (சதுப்புநில மட்கு) புகை மால்ட்டை அதன் இடத்தில் போட்டுவிடாதீர்கள். பீட் கரியின் புகையில் கிரெசால் வகைப் பீனால்கள் அதிகம், 5 சதவீதம் போட்டாலே டிஞ்சர் வாடை தூக்கும். மால்ட் பழசானால் புகை போய்விடும் என்பதால், பையைப் பிரித்ததும் முகர்ந்து பார்த்து அளவை முடிவு செய்யுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் பீனாலோடு சேர்ந்து குளோரோபீனாலாகும், மிகக் குறைந்த அளவிலேயே ஆஸ்பத்திரி வாடை வந்துவிடும். 20 லிட்டர் தண்ணீருக்கு கால் கேம்ப்டன் மாத்திரை (சல்ஃபைட் மாத்திரை) கரைத்தால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

ட்ராப்பிஸ்ட் என்பது பீரின் வகை இல்லை, யார் காய்ச்சியது என்பதற்கான பெயர். மடத்து வளாகத்துக்குள், துறவிகளே செய்தோ அவர்கள் மேற்பார்வையிலோ காய்ச்சியிருக்க வேண்டும். வரும் பணம் மடத்தின் செலவுக்கும் தர்மத்துக்கும் போகவேண்டும். அப்போதுதான் அறுகோண முத்திரை கிடைக்கும். துறவிகள் இல்லாமல் போனதால் பெல்ஜியத்தின் ஆகல் 2021-ல் அந்த முத்திரையை இழந்தது. பீர் அன்றைக்கும் அதே பீர்தான்.

பாட்டிலிலுள்ள எண்ணைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். ரோஷ்ஃபோர் மடத்தின் 6, 8, 10 என்பவை ஆல்கஹால் சதவீதங்கள் அல்ல, காய்ச்சிய சாற்றின் அடர்த்தியைக் குறிக்கும் பழைய பெல்ஜிய அளவையிலிருந்து வந்தவை. ஆல்கஹால் முறையே 7.5, 9.2, 11.3 சதவீதம். வெஸ்ட்ஃப்ளெடெரென் மடத்தின் 12-ல் எண் மேலே போனாலும் ஆல்கஹால் 10.2 தான். அந்த 12-ஐ வெளிக்கடைகளில் பல மடங்கு விலை கொடுத்து வாங்குவது வீண் என்பேன். மடம் அதைப் பெரும்பாலும் முன்பதிவு செய்தவர்களுக்குத்தான் விற்கிறது, மறுவிற்பனையை விரும்புவதில்லை. கைமாறி வந்த பாட்டில் எந்த வெயிலில் நின்றதென்று யாருக்குத் தெரியும்? அந்தக் காசுக்கு ரோஷ்ஃபோர் 10 சில பாட்டில்கள் வாங்கிக்கொள்ளலாம்.

இவ்வளவு வீரியமான ஏல் நாக்கில் பாகாக ஒட்டாததற்குக் காரணம் கேண்டி சர்க்கரை. ஈஸ்ட் அதை முழுக்கத் தின்றுவிடும், ஆல்கஹால் ஏறும், பீரின் கனம் ஏறாது. கருப்பு ஏல்களில் இதே சர்க்கரையைக் காய்ச்சிக் கருக்கிய பாகாகப் போடும்போது உலர்ந்த திராட்சை, அத்தி மணமும் சேர்கிறது.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ரோஷ்ஃபோர் 10-ஐ அப்படியே திறந்தால் இந்த மணமெல்லாம் வீணாகும். 12 முதல் 14 டிகிரி வரட்டும். நம்மூர் அறைச்சூட்டில் 330 மில்லி பாட்டிலுக்குச் சுமார் 20 நிமிடம் பிடிக்கும். அதற்கு முந்தைய நாளே பாட்டிலை நிமிர்த்தி நிறுத்தியிருக்க வேண்டும், அடியிலிருக்கும் ஈஸ்ட் வண்டல் படிய ஒரு முழு நாளாவது ஆகும். ஊற்றுவதில்தான் பலர் கை தவறுகிறது. கிளாஸைச் சாய்த்து, பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கவிழ்த்து, ஒரே இழையாக ஊற்றுங்கள். நடுவில் நிறுத்திப் பாட்டிலை நிமிர்த்தினால் உள்ளே அலையடித்து வண்டல் கிளம்பிவிடும், மறுபடி தெளியாது. கழுத்துக்கு அருகே கலங்கல் வருவது தெரிந்ததும், அடியில் ஒரு சென்டிமீட்டர் விட்டு நிறுத்திவிடலாம். வண்டல் கெடுதல் இல்லை, வெஸ்ட்மாலெ வண்டலைத் தனிச் சின்ன கிளாஸில் ஊற்றிக் குடிப்பவர்கள் உண்டு. ஆனால் அதே மடத்தின் கருப்பு ஏலான டப்பலில் கலந்துவிட்டால் அதன் சாக்லேட் நயம் மழுங்கி, பச்சை மாவு ருசி வந்துவிடும்.

கிளாஸின் உட்சுவரில் குமிழ்கள் அங்கங்கே ஒட்டிக்கொண்டு நின்றால் எண்ணெயோ சோப்போ மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். நுரை நிற்காததற்கு பீரைக் குறைசொல்லாமல் கிளாஸைக் கழுவுங்கள்.

வைத்துப் பழசாக்கும் ஆசை வந்தால் 10 முதல் 15 டிகிரிக்குள் இருட்டான இடம் வேண்டும். சூடு 10 டிகிரி ஏறினால் இரசாயன மாற்றம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 30 டிகிரி அலமாரியில் வைத்த ஷிமே நீலம் (ஷிமே மடத்தின் கருப்பு ஏல்), ஷெர்ரி ஒயின் வாசனைக்குப் போகாமல் நேராக சோயா சாஸ் வாடைக்குப் போய்விடும். நிலவறை இல்லாத வீட்டில் ஃப்ரிட்ஜே மேல். மெதுவாகத்தான் முதிரும், கெடாது. ஷிமே நீலம், ரோஷ்ஃபோர் 10, வெஸ்ட்ஃப்ளெடெரென் 12 மூன்றும் வருடக்கணக்கில் நிற்பவை. வெஸ்ட்மாலெ டிரிபெல் புதிதாக இருக்கும்போதுதான் அழகு.

ஓர்வாலுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. ஒரே பெயரில் இரண்டு மூன்று பீர் அது. அதன் கெடுதேதி பாட்டிலில் அடைத்த நாளிலிருந்து 5 வருடம். லேபிளில் பார்த்து 5 கழித்தால் வயது தெரிந்துவிடும். இரண்டு மாதத்து பாட்டிலில் ஹாப்ஸ் முன்னால் நிற்கும்: ஆரஞ்சுத் தோல், பச்சைப்புல், நறுக்கென்ற கசப்பு. ஆறு மாதத்தில் ஹாப்ஸ் ஒதுங்கி, பிரெட் (பிரெட்டனோமைசிஸின் சுருக்கப் பெயர்) உள்ளே வரும்: தோல் வார், காய்ந்த வைக்கோல், எங்கோ ஓர் ஓரத்தில் புகை. ஒரு வருடம் தாண்டியதில் இனிப்பு அறவே இருக்காது. பிரெட் மிச்சச் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருப்பதால் 6.2 சதவீதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், வாயுவும் ஏறும். பழைய ஓர்வாலைக் கொஞ்சம் அசட்டையாகத் திறந்தாலும் பொங்கி மேசை நனையும். நன்றாகக் குளிரவைத்து, மூடியை மெல்ல நெம்பி, பெரிய கோப்பையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு திறக்கவேண்டும். என்னைக் கேட்டால் ஆறேழு மாதத்து ஓர்வால்தான் சிறந்தது. ஹாப்ஸும் பிரெட்டும் சரிபாதியாக நிற்கும் காலம் அது.

ஒரே மாலையில் இரண்டு வகையையும் வைத்துக்கொள்வதானால் அளவைக் கணக்கில் கொள்ளுங்கள். 330 மில்லி ரோஷ்ஃபோர் 10-ல் இருக்கும் ஆல்கஹால் அரை லிட்டர் மெர்ட்சன் ஒன்றரைக்குச் சமம், அதை இன்னொன்றோடு சேர்க்கவேண்டாம். ஆறு மாதத்து ஓர்வாலை முதலில் குடித்து, பிறகு ஒரு மெர்ட்சன் திறக்கலாம். வரிசையை மாற்றினால் மெர்ட்சனின் புகை நாக்கில் ஒட்டிக்கொண்டு ஓர்வாலை மூடிவிடும். இந்த வரிசையில் குடித்தால், ஓர்வாலின் அடியில் இருந்தும் இல்லாததுபோல் தெரிந்த அந்த வாசனை இன்னதென்று மெர்ட்சனின் முதல் வாயிலேயே பிடிபட்டுவிடும்.